எஃப்12 அமுக்குனா எல்லாம் தெரியும்: சைட்டு கோட காப்பியில இருந்து காப்பாத்த முழு வழிகாட்டி

ராத்திரி பத்தரை மணிக்கு தெற்கு மாசி வீதி சுங்குடி கடை அண்ணே போன் போட்டாரு. "தம்பி, உசிலம்பட்டில இருந்து ஒரு அம்மா பேசுறாங்க, சேலைக்கு காசு கட்டி நாலு நாளாச்சாம், இன்னும் வரலயாம், நம்ம பில்லுல அவுங்க பேரே இல்ல, என்னான்னு பாருங்க"ன்னாரு. அந்த அம்மா ஆர்டர் போட்ட லிங்க வாங்கி தொறந்து பாத்தா நம்ம சைட்டேதான், நான் ரெண்டு மாசம் உக்காந்து பண்ணது, ஆனா அட்ரஸ் பார்ல வேற பேரு. லோகோவ மட்டும் மாத்திட்டு மிச்சத்த அப்டியே தூக்கிருக்காய்ங்க. கீழ இருக்குற "கூப்பிட" பட்டன்ல எங்க அண்ணே நம்பர மாத்த மறந்துட்டாய்ங்க, அதனாலதான் அந்த அம்மா கூப்ட்டது நேரா கடைக்கே வந்துருக்கு.

அண்ணே கேட்ட மொத கேள்வி, "ரைட் கிளிக்க லாக் பண்ணிருந்தா இது நடந்துருக்காதுல்ல?" மதுரைல கடைக்கு சைட்டு பண்ணித் தர்ற எல்லாருமே இந்த கேள்விய ஒரு தடவையாச்சும் கேட்ருப்பீங்க. பதில், லாக் பண்ணாலும் நடந்துருக்கும்ங்கிறதுதான், ஏன்னு புரியணும்னா பிரவுசர்குள்ளயே இருக்குற, சைட்டு உள்ளுக்குள்ள எப்டி ஓடுதுன்னு காட்டுற டெவ் டூல்ஸ நாமளே ஒரு தடவை முழுசா சுத்திப் பாக்கணும். அதத்தான் இங்க பண்ணப் போறோம், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு படிங்க.

மொதல்ல தொறக்கத் தெரியணும்

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவா இருந்தாலும் எஃப்12. ஆனா இங்க நான் சொல்ற டேப் பேரு, கீ எல்லாம் குரோம்ல இருக்குற மாதிரி. சில லேப்டாப்ல எஃப்என் கீயயும் சேத்து அமுக்கணும், இல்லாட்டி கன்ட்ரோல் ஷிஃப்ட் ஐ, மேக்ல கமாண்ட் ஆப்ஷன் ஐ. குறிப்பிட்ட ஒரு பட்டன் மட்டும் வேணும்னா அது மேலயே ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட். கன்ட்ரோல் யு அமுக்குனா சோர்ஸ் வரும், ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. கன்ட்ரோல் யுல தெரியிறது சர்வர் அனுப்புன கடுதாசி, எலமென்ட்ஸ் டேப்ல தெரியிறது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிச்சப்புறம் இப்ப உயிரோட இருக்குற பக்கம். ரியாக்ட்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் டூல்ல பண்ண சைட்ல கன்ட்ரோல் யு போட்டுட்டு "ஒண்ணுமே இல்லயே, சேஃப்தான்"னு நெனச்சவங்கள எனக்குத் தெரியும்.

2006ல ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்பக்னு ஒரு எக்ஸ்டென்ஷன் வந்துச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் எங்க தப்புன்னு பாக்க வரிக்கு வரி அலர்ட் போட்டு உக்காந்துருப்பாங்க. இப்ப எல்லா பிரவுசர்லயும் அதவிட பெரிய டூல் கூடவே வருது, ஃபயர்பக்க 2017ல நிறுத்தியே போட்டாங்க. இந்த டூல திருடனுக்காக யாரும் செய்யல, நமக்காக செஞ்சதுதான்.

எலமென்ட்ஸ்: 1450 ரூவா சேலை 45 ஆன கதை

அண்ணே மச்சினன் பையன் காலேஜ்ல படிக்கிறான், ஒருநா கடைல உக்காந்து இன்ஸ்பெக்ட் போட்டு 1450ங்கிறத ரெண்டு தடவை கிளிக் பண்ணி 45ன்னு அடிச்சு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பி விட்டுட்டான். அண்ணே பதறிட்டாரு, சைட்ட ஹேக் பண்ணிட்டாய்ங்கன்னு எனக்கு போன். எலமென்ட்ஸ்ல மாத்துறது அவன் ஸ்கிரீன்ல மட்டும்தான் மாறும், ரெஃப்ரெஷ் பண்ணா பழைய வெலை வந்து நிக்கும். பணம் கட்டுன மாதிரி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாத்துறதும் இதே வேலைதான், அதனால கடைக்காரங்களுக்கு நான் சொல்றது, ஸ்கிரீன்ஷாட்ட நம்பி பார்சல் கட்டாதீங்க, அக்கவுன்ட்ல பாத்துட்டு கட்டுங்க.

ஆனா இதுல ஒரு நெசமான ஆபத்தும் இருக்கு. அவன் மாத்துன 45 சர்வருக்குப் போயி, சர்வரும் சரின்னு ஏத்துக்கிட்டா? அத கீழ சொல்றேன், அதான் இந்த மேட்டர்ல ரொம்ப முக்கியம்.

நெட்வொர்க் டேப்

என்னயக் கேட்டா மொதல்ல படிக்க வேண்டியது இதத்தான். நெட்வொர்க் டேப தொறந்து வச்சுட்டு பக்கத்த ரெஃப்ரெஷ் பண்ணுங்க, டிசேபிள் கேஷ், ப்ரிசர்வ் லாக் ரெண்டயும் டிக் பண்ணிக்கங்க. ஒவ்வொரு படம், ஒவ்வொரு ஸ்கிரிப்ட், சர்வர்கிட்ட கேட்ட ஒவ்வொரு கேள்வியும் வரிசையா வந்து விழும். மேல ஃபெட்ச்னு ஃபில்டர் போட்டா டேட்டா கேட்டது மட்டும் நிக்கும். ஒண்ண கிளிக் பண்ணா ஹெடர்ஸ், பேலோட் (நாம அனுப்புனது), ரெஸ்பான்ஸ் (சர்வர் திருப்பி அனுப்புனது) எல்லாம் தனித்தனியா இருக்கும்.

ரெஸ்பான்ஸத்தான் நிதானமா படிக்கணும். ஸ்கிரீன்ல சேலை பேரும் வெலையும் மட்டும்தான் காட்டுறோம், ஆனா சர்வர் அனுப்புனதுல கொள்முதல் வெலை, எத்தன பீஸ் ஸ்டாக், நெசவுக்காரர் போன் நம்பர்னு டேட்டாபேஸ் டேபிள்ல இருக்குற பூராம் வந்துருக்கும். டேபிள்ல இருக்குற எல்லா விவரத்தயும் அப்டியே அள்ளி அனுப்புனா அதான் கதி. ஸ்கிரீன்ல காட்டலன்னா மறைச்சாச்சுன்னு அர்த்தமில்ல.

இங்கயே ரைட் கிளிக் பண்ணா காப்பி ஆஸ் கர்ல்னு ஒண்ணு இருக்கும். அந்த ரிக்வெஸ்ட்ட பிரவுசரே இல்லாம டெர்மினல்ல இருந்து ஓட்டலாம். "கார்ஸ் போட்ருக்கேன், வேற எவனும் என் ஏபிஐய (சர்வர்கிட்ட டேட்டா கேக்குற வழிய) கூப்ட முடியாது"ன்னு சொல்றவங்க இத ஒரு தடவை பண்ணிப் பாருங்க. கார்ஸ்ங்கிறது பிரவுசர் கடைப்பிடிக்கிற ரூலு, கர்லுக்கு அதெல்லாம் தெரியாது.

சோர்சஸ், பிரேக்பாயின்ட்

காப்பி கதைய கொஞ்சம் ஓரமா வைங்க, தப்பு கண்டுபிடிக்கிற வேலைய பாப்போம், ஏன்னா இது தெரியாம அடுத்தது புரியாது.

அண்ணே சைட்ல ஒரு தடவை டெலிவரி சார்ஜ் 80க்கு பதிலா 160 ஏறிக்கிட்டு இருந்துச்சு. கன்சோல்ல ப்ரின்ட் போட்டுப் போட்டு பாத்து மண்ட காஞ்சு போச்சு. அப்புறம் சோர்சஸ் டேப் போயி, கன்ட்ரோல் பி அமுக்கி ஃபைல் பேர அடிச்சு தொறந்து, சார்ஜ கூட்டுற வரியோட நம்பர் மேல ஒரு கிளிக். நீலமா ஒரு குறி விழும், அதான் பிரேக்பாயின்ட். இப்ப சைட்ல கார்ட் பட்டன அமுக்குனா கோடு அந்த வரிலயே நின்னுரும், வலது பக்கம் ஸ்கோப்ல அந்த நேரத்துல எந்த வேரியபிள்ல என்ன மதிப்பு இருக்குன்னு தெரியும், கால் ஸ்டாக்ல யாரு யாரக் கூப்ட்டு இங்க வந்துச்சுன்னு தெரியும். எஃப்10 அடுத்த வரி, எஃப்11 ஃபங்ஷனுக்குள்ள எறங்கும், எஃப்8 விட்ட எடத்துல இருந்து ஓட விடும். நான் எஃப்8 அமுக்கினேன், அதே வரில மறுபடி வந்து நின்னுச்சு. ஒரு கிளிக்குக்கு ரெண்டு தடவை ஓடுது. கடைசில பாத்தா அதே ஸ்கிரிப்ட் ஹெடர்லயும் ஃபுட்டர்லயும் ரெண்டு எடத்துல ஏறி, பட்டனுக்கு ரெண்டு லிசனர் (கிளிக்குக்காக காத்திருக்குற கோடு) கட்டிருக்கு. மூணு மணி நேர வேலைய அஞ்சு நிமிசத்துல முடிச்சிருக்கலாம்.

வரி நம்பர் மேல ரைட் கிளிக் பண்ணா இன்னும் ரெண்டு சமாச்சாரம் இருக்கு. கண்டிஷனல் பிரேக்பாயின்ட்ல "மொத்தம் 5000த்துக்கு மேல போனா மட்டும் நில்லு"ன்னு சொல்லலாம். லாக்பாயின்ட்ல கோட தொடாமலே கன்சோலுக்கு மதிப்ப எழுத வைக்கலாம், லைவ் சைட்ல தப்பு பாக்க இத அடிச்சுக்க ஆளே இல்ல. எந்த வரின்னே தெரியாதப்ப வலது பக்கம் ஈவென்ட் லிசனர் பிரேக்பாயின்ட்ஸ்ல மவுஸ், அதுக்குள்ள கிளிக் டிக் பண்ணிட்டு பட்டன அமுக்குங்க, கோடு தானா வந்து மாட்டும்.

போன்ல மட்டும் வர்ற தப்புக்கு ஆண்ட்ராய்ட்ல யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி கேபிள் போட்டு, கம்ப்யூட்டர் குரோம் அட்ரஸ் பார்ல chrome://inspect அடிச்சு தொறந்தா போன்ல ஓடுற சைட்டுக்கே டெவ் டூல்ஸ் வந்துரும். நம்மூர் கஸ்டமர்ல பாதிக்கு மேல போன்லதான் வர்றாங்கன்னு உங்க அனலிடிக்ஸே சொல்லும், அதனால இத சோம்பல் படாம கத்துக்கங்க.

பூட்டு போடுறவங்களும் அத தொறக்குறவங்களும்

இப்ப அண்ணே கேட்ட கேள்விக்கு வருவோம். நெட்ல தேடுனா கெடைக்கிற பூட்டு எல்லாத்தயும் நான் வரிசையா அந்த சைட்டு டெஸ்ட் காப்பில போட்டு, நானே தொறந்து பாத்தேன்.

ரைட் கிளிக் தடை. கான்டெக்ஸ்ட் மெனு ஈவென்ட்ட தடுக்குறது. பிரவுசரோட மெனு வழியா போயி டெவ் டூல்ஸ தொறந்தா முடிஞ்சது. இல்லாட்டி டெவ் டூல்ஸ்குள்ள கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அமுக்கி டிசேபிள் ஜாவாஸ்கிரிப்ட்னு குடுத்தா தடையே ஓடாது. அண்ணே வற்புறுத்துனாருன்னு லைவ்ல ஒரு வாரம் போட்டும் பாத்தோம், திருடன் ஒருத்தனும் நிக்கல, ஆனா கடை அட்ரஸ காப்பி பண்ணி ஆட்டோக்காரருக்கு அனுப்ப முடியலன்னு கஸ்டமர் ரெண்டு பேரு திட்டுனாங்க. எடுத்துட்டேன்.

எஃப்12 கீய தடுக்குறதும் அதே ரகம். சைட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி வெறும் டேப்லயே டெவ் டூல்ஸ தொறந்து வச்சுட்டு வந்தா கீய யாரு தடுக்குறது?

ஜன்னல் அளவு பாக்குறது. டெவ் டூல்ஸ் பக்கத்துல தொறந்தா பக்கத்தோட உள் அகலம் கொறையும், வெளி அகலம் அப்டியே இருக்கும், வித்தியாசம் ஜாஸ்தியானா பக்கத்த வெள்ளையாக்கிருவாங்க. டெவ் டூல்ஸ தனி ஜன்னலா கழட்டி வச்சா கண்டே பிடிக்காது. அதவிட கொடுமை, கண்ணு சரியா தெரியாத பெரியவரு எழுத்த பெருசா ஜூம் பண்ணுனாலும் உள் அகலம் கொறையும், அவரத் திருடன்னு நெனச்சு சைட்டு மூடிக்கும்.

டீபக்கர் பொறி. கோடுக்குள்ள டீபக்கர்ங்கிற வார்த்தைய நிக்காம சுத்த விடுறது, டெவ் டூல்ஸ் தொறந்தவொடனே பக்கம் அப்டியே ஒறஞ்சு நிக்கும். மொத தடவ பாக்குறவன் பயந்துருவான். கன்ட்ரோல் எஃப்8 அமுக்குனா பிரேக்பாயின்ட் எல்லாம் செயலிழந்துரும், இல்ல அந்த வரி நம்பர்ல ரைட் கிளிக் பண்ணி நெவர் பாஸ் ஹியர். பொறிய செஞ்ச நேரத்துல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது தாண்டுறதுக்கு.

மினிஃபை, அதாவது இடைவெளி, நீளமான பேரெல்லாம் எடுத்து கோட சுருக்குறது. இத நான் எல்லா சைட்டுக்கும் போடுவேன், ஆனா காவலுக்கு இல்ல, சைஸ் கொறையிறதுக்கு. சோர்சஸ் டேப்ல கீழ இருக்குற ரெண்டு வளைவு அடைப்புக் குறிய அமுக்குனா கோடு அழகா வரி பிரிஞ்சு நிக்கும், பேரு மட்டும் ஏ, பி, சின்னு இருக்கும்.

அப்ஃபஸ்கேஷன். பேர கொழப்பி, வார்த்தைகள பூட்டுன மாதிரி எழுதி, ஓடுற வழிய நூல் சிக்கல் போட்ட மாதிரி ஆக்குறது. இது கொஞ்சம் வேலை செய்யும், படிக்கிறவன் நொந்து போவான். ஆனா ஃபைல் பெருசாகும், ஓட்டம் மெதுவாகும், நமக்கே தப்பு பாக்க முடியாது. முக்கியமா, முழுசா தூக்கிட்டுப் போறவன் எதுக்குப் படிக்கப் போறான்? சிக்கலோட சேத்து காப்பி அடிச்சாலும் அது அவன் டொமைன்ல (அவன் சைட்டு பேருல) அப்டியே ஓடும். உங்க டொமைன் இல்லன்னா ஓடாதேன்னு உள்ள ஒரு வரி எழுதி வைக்கலாம், சோம்பேறி திருடன் அதுல மாட்டுவான், ஆனா பிரேக்பாயின்ட் தெரிஞ்சவன் அந்த வரியத் தேடி எடுத்துருவான்.

அண்ணன்கிட்ட நான் இப்டித்தான் சொன்னேன், "அண்ணே, வாசல்ல பொம்மைக்கு கட்டி விட்ட சேலைய ரோட்ல போறவன் பாக்காம இருக்க முடியுமா? பாத்துட்டுப் போயி அதே மாதிரி பிரிண்ட் போட்டு சுங்குடின்னு விக்கிறாய்ங்கள்ல?" அவரு சிரிச்சுட்டு, "விக்கிறாய்ங்க தம்பி, ஆனா கையில முடிச்சு போட்ட சேலைய பிரிச்சுப் பாத்தா சுருக்கம் காட்டிக் குடுக்கும், பிரிண்ட்ல அது வராது. சாயக் கணக்கு எங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு"ன்னாரு. சைட்லயும் சாயக் கணக்கு எதுன்னு பாத்து உள்ள வைக்கிறதுதான் வேலை.

உங்க சைட்ட நீங்களே திருடிப் பாருங்க

இந்த ஸ்டெப்ப எவனுமே பண்றதில்ல, நானும் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பண்ணல. டெவ் டூல்ஸ்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப் அமுக்குங்க, எறங்குன எல்லா ஃபைல்லயும் ஒரே நேரத்துல தேடும். கீ, சீக்ரெட், டோக்கன், பாஸ்வேர்ட், கூப்பன், அட்மின்னு ஒவ்வொண்ணா இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க.

நான் கூப்பன்னு அடிச்சேன். மொத்த வியாபாரிக்கு மட்டும் குடுக்குற 30 பர்சன்ட் கூப்பன் கோடு அம்புட்டும் ஜாவாஸ்கிரிப்ட்குள்ள லிஸ்ட்டா ஒக்காந்துருக்கு. நான்தான் வச்சது, அவசரத்துல. திரும்பிப் போயி பழைய ஆர்டர பாத்தா சில்லறைக்கு வாங்குனவங்க நாலு பேரு அந்த கோட போட்டு வாங்கிருக்காங்க. அந்த நட்டத்த என் பில்லுல கழிச்சுக்கிட்டேன், அண்ணே வேணாம்னுதான் சொன்னாரு.

அடுத்து சோர்ஸ் மேப், சுருக்குன கோட ஒரிஜினலோட பொருத்திக் காட்டுற ஃபைல். சோர்சஸ் டேப் எடது பக்கம் உங்க ஒரிஜினல் ஃபைல் பேரு, ஃபோல்டர், தமிழ்ல எழுதுன கமென்ட் எல்லாம் அப்டியே தெரிஞ்சா மேப் ஃபைலையும் சேத்து ஏத்திருக்கீங்க. பழைய கிரியேட் ரியாக்ட் ஆப்ல பில்டு பண்ணா மேப் தானா வரும், அத 2025ல ரியாக்ட் டீமே கைவிட்டாச்சு, ஆனா அதுல பண்ண சைட்டு இன்னும் ஊர் பூரா ஓடுது. வைட்ங்கிற புது பில்டு டூல்ல கேட்டாதான் வரும். தப்பு கண்டுபிடிக்க மேப் வேணும்னா தனியா எடுத்து உங்க கம்ப்யூட்டர்ல வச்சுக்கங்க, சர்வர்ல வேணாம்.

என்வைரன்மென்ட் வேரியபிள்ல (கோடுக்கு வெளிய வைக்கிற செட்டிங்ல) போட்டா ரகசியம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. வைட்ல அந்த பேருல ஆரம்பிக்கிறது, ரியாக்ட வச்சு செஞ்ச நெக்ஸ்ட்ல நெக்ஸ்ட் பப்ளிக்னு ஆரம்பிக்கிறது எல்லாமே பில்டு பண்றப்ப நேரா பிரவுசர் ஃபைலுக்குள்ள போயிரும். பேருலயே பப்ளிக்னு இருக்கு, நாமதான் படிக்கிறதில்ல. அப்டியே அட்ரஸ் பார்ல உங்க டொமைனுக்குப் பின்னாடி டாட் என்வ் (பாஸ்வேர்ட் வைக்கிற ஃபைல்), டாட் கிட் ஃபோல்டர்குள்ள (கோடு மாறுன வரலாறு) இருக்குற கான்ஃபிக் ஃபைல் ரெண்டயும் அடிச்சுப் பாருங்க. எதாச்சும் எறங்குச்சுன்னா இத படிக்கிறத நிறுத்திட்டு மொதல்ல சர்வர்ல அத அடைங்க, உள்ள இருந்த பாஸ்வேர்ட் எல்லாத்தயும் மாத்துங்க.

சாயக் கணக்க சர்வருக்குள்ள கொண்டு போங்க

வெலை, தள்ளுபடி, கூப்பன், ஸ்டாக், யாரு அட்மின் இதெல்லாம் முடிவாகுற எடம் சர்வர்தான். பிரவுசர் அனுப்ப வேண்டியது எந்த சேலை, எத்தன பீஸ், என்ன கூப்பன் வார்த்தை, அம்புட்டுத்தான். மொத்தத்த பிரவுசர்ல இருந்து வாங்காதீங்க, 1450 45 ஆன கதை நெசமாகுறது அங்கதான்.

ஆன்லைன்ல பணம் வாங்க ரேசர்பே போட்டீங்கன்னா ஆர்டர சர்வர்ல இருந்து உருவாக்குங்க, தொகை பைசால போகும், 1450 ரூவான்னா 145000. அதுல கீ ஐடி பிரவுசருக்குப் போகலாம், கீ சீக்ரெட் எந்த காரணத்துக்கும் போகக்கூடாது. பணம் கட்டி முடிச்சதும் பேமென்ட் ஐடி, ஆர்டர் ஐடி, சிக்னேச்சர் மூணும் வரும், சீக்ரெட்ட வச்சு சர்வர்ல சிக்னேச்சர திரும்ப கணக்குப் போட்டு ஒத்துப் போனாதான் ஆர்டர் உறுதி. சக்சஸ் பக்கம் தொறந்துருச்சுன்னு மட்டும் நம்பி பார்சல் போட்டா யாரு வேணாலும் அந்த பக்கத்த நேரா தொறக்கலாம்.

சில கீ வெளிய தெரிஞ்சே ஆகணும். கூகுள் மேப் கீய மறைக்க வழியே இல்ல, அதுக்கு கூகுள் கன்சோல்ல உங்க டொமைன்ல மட்டும் ஓடுற மாதிரி கட்டுப்பாடு போடுங்க. கூகுளோட டேட்டாபேஸ் சேவையான ஃபயர்பேஸ் கான்ஃபிக்கும் அப்டித்தான், அது தெரியிறது தப்பில்ல, செக்யூரிட்டி ரூல்ஸ எல்லாருக்கும் தொறந்து விட்ருக்குறதுதான் தப்பு.

சின்னச் சின்ன வேலி

படம். கேமரால எடுத்த முழு சைஸ ஏத்தாதீங்க, 1200 பிக்சல் போதும், ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கட்டும், பின்னாடி சாட்சி அதுதான். எங்க படத்த எங்க சர்வர்ல இருந்தே இழுத்துதான் அந்த காப்பி சைட்டு காட்டிக்கிட்டு இருந்துச்சு, பேன்ட்வித் நம்ம காசு. எஞ்சின்எக்ஸ் சர்வர்ல ரெஃபரர் (எந்த சைட்ல இருந்து கேக்குறாங்கங்கிற விவரம்) பாத்து தடுக்கலாம், சைட்டுக்கு முன்னாடி நிக்கிற கிளவுட்ஃப்ளேர் சேவைல ஹாட்லிங்க் ப்ரொடெக்ஷன்னு ஒரு சுவிட்சே இருக்கு. ரெஃபரர் காலியா வந்தா விட்ருங்க, அதயும் தடுத்தா நல்ல கஸ்டமருக்கே படம் தெரியாம போயிரும்.

சைட்ட இன்னொரு சைட்டுக்குள்ள கட்டமா (ஐஃப்ரேம்ல) வச்சு காட்டுறத தடுக்க கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசிங்கிற ஹெடர்குள்ள ஃப்ரேம் ஆன்செஸ்டர்ஸ்னு எழுதணும், இது மெட்டா டேக்ல போட்டா வேலை செய்யாது, சர்வர்ல இருந்துதான் வரணும். ஒவ்வொரு பக்கத்துலயும் கனானிகல் லிங்க்க (இதான் ஒரிஜினல் பக்கம்னு கூகுளுக்கு சொல்ற வரிய) உங்க டொமைனோட முழு முகவரியா எழுதுங்க, அப்டியே காப்பி அடிக்கிறவன் கூகுளுக்கு உங்க பேரயும் சேத்து சொல்லிருவான். அனலிடிக்ஸ்ல ஹோஸ்ட் நேம் வாரியா அப்பப்ப பாருங்க, தூக்குறவன் அனலிடிக்ஸ் ஐடியயும் சேத்து தூக்குவான், அவன் டொமைன் உங்க ரிப்போர்ட்ல வந்து நிக்கும். எங்க ரிப்போர்ட்ல பத்து நாளா நின்னுருக்கு, நான்தான் பாக்கல.

காப்பி அடிச்சாச்சு, இப்ப என்ன

சண்டைக்குப் போகாதீங்க, போன் பண்ணி வையாதீங்க, சாட்சிய எடுக்குறதுக்கு முன்னாடி அவன் மாத்திருவான். அட்ரஸ் பார், தேதி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொரு பக்கத்தயும் பக்கத்த தேதியோட காப்பி எடுத்து வைக்கிற வேபேக் மெஷின் சைட்ல சேவ், நெட்வொர்க் டேப்ல ரைட் கிளிக் பண்ணி எல்லாத்தயும் ஹார் ஃபைலா எடுத்து வைங்க. அதுல அவன் சைட்டு உங்க சர்வர்ல இருந்து படம் இழுத்தது கூட பதிவாகிருக்கும்.

சட்டம் நம்ம பக்கம்தான். 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புல சேத்தி, பதிவு பண்ணாதான் உரிமைன்னு இல்ல. ஆனா மஞ்ச கலரு, நாலு கட்டம்ங்கிற ஐடியாவுக்கு உரிமை கேக்க முடியாது, எழுதுன கோடு, எழுத்து, எடுத்த படம் இதுக்குத்தான். இன்னொண்ணு, எழுதி வாங்கிக்கலன்னா ஃப்ரீலான்சரா எழுதுன கோடுக்கு மொத உரிமையாளர் எழுதுனவருதான், காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு கடைக்காரரு. புகார் யாரு பேருல போகணும்கிறது இதுல மாறும், அதனால மொதல்லயே ஒரு பக்கம் எழுதி கையெழுத்துப் போட்டுக்கங்க.

2013 காப்புரிமை விதிகள்ல 75ஆவது விதிப்படி ஹோஸ்டிங் மாதிரி இடைல இருக்குறவங்களுக்கு எழுத்துல புகார் குடுத்தா 36 மணி நேரத்துக்குள்ள அத நிறுத்தி வைக்கணும், 21 நாளைக்குள்ள நாம கோர்ட் உத்தரவு கொண்டு வரலன்னா திரும்ப விடலாம். வெளிநாட்டு ஹோஸ்டிங்னா 1998ல வந்த அமெரிக்க காப்பிரைட் சட்டமான டிஎம்சிஏ முறைல புகார். ஹோஸ்ட் யாருன்னு ஹூஈஸ் (டொமைன் பதிவு விவரம்), ஐபி ரெண்டயும் பாத்தா தெரியும், அபியூஸ் ஈமெயில் அங்கயே இருக்கும். கிளவுட்ஃப்ளேர் பின்னாடி ஒளிஞ்சிருந்தா அவுங்க ஃபார்ம்லயே போடலாம். கூகுள் தேடல்ல இருந்து எடுக்க தனி ஃபார்ம். இங்க ஜனங்க காசையும் ஏமாத்திருக்கதால அந்த அம்மாவ 1930 ஹெல்ப்லைனுக்கு கூப்ட்டு சைபர் கிரைம்ல பதியச் சொன்னோம், காசு போன விசயத்துல எம்புட்டு சீக்கிரம் கூப்புடுறோமோ அம்புட்டு நல்லது.

புகார்ல கோவத்த எழுதாதீங்க. நம்ம பக்க லிங்க், அவன் பக்க லிங்க், என்னத்த எடுத்தான், எப்ப இருந்து நம்மகிட்ட இருக்கு, சாட்சி. ரெண்டு ரெண்டா வரிசையா. நான் அனுப்புன மெயில்ல மொத்தம் பதினோரு ஜோடி லிங்க், மூணாவது நாளு அந்த சைட்டு தொறக்கல.

அண்ணனுக்கு போன் பண்ணி சொன்னேன். "சரிங்க தம்பி"ன்னாரு, அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அந்த உசிலம்பட்டி அம்மா கேட்ட சேலை நம்மகிட்ட அரக்கு கலர்லதான் இருந்துச்சு, அத அனுப்பி விட்டுட்டேன், காசு வேணாம்னு சொல்லிட்டேன்"ன்னாரு.